மேல் முடிச்சு

கொடியை எப்படி மடிப்பது என்று கித்தேரியம்மாளுக்குத் தெரியவில்லை. சேலை மடிக்கிற மாதிரி மடித்தாள், அது சேலையாகிப்போனது. துண்டு மாதிரி மடித்தாள், துண்டாகிப்போனது. பள்ளிக்கூடத்தில் ஏற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், ஆனால் இறக்கியபிறகு அதை என்ன செய்வார்கள் என்று பார்க்க யார் நின்றார்கள், மிட்டாய் வாங்கியதும் எல்லோரும்தான் ஓடிவிட்டார்கள். கடைசியில் கயிற்றோடு சேர்த்துச் சுருட்டி, ஒரு துணிப்பைக்குள் வைத்து, வாசல் நிலையில் ஒரு வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்த குருத்தோலைச் சிலுவையை எடுத்து அதன்மேல் போட்டு மூடி, கோயிலைப் பார்த்து நடந்தாள். வெயில் இன்னும் தாழவில்லை. கடற்கரை மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது. நாளைக்கு விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. போன வருஷத்துக் குருத்தோலைகளை எல்லா வீட்டிலிருந்தும் வாங்கி உபதேசியார் இன்றைக்குக் கோயிலுக்குப் பின்னால் எரிப்பார். அந்தச் சாம்பலைத்தான் காலைப் பூசையில் சாமியார் எல்லோர் நெற்றியிலும் பூசி, மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே போவாய் என்று சொல்வார். மந்திரித்த பொருள் குப்பைக்குப் போகக் கூடாது என்பது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். உடைந்த சுரூபம், அறுந்த ஜெபமாலை, கரையான் தின்ற மாதா படம், எதுவானாலும் தீயிலோ மண்ணிலோ கடலிலோதான் போய்ச் சேர வேண்டும். கடலில் என்று நினைத்ததும் அவள் நடையைக் கொஞ்சம் எட்டிப்போட்டாள். கொடியும் அப்படி ஒரு பொருள்தானே, யாரும் தீர்த்தம் தெளிக்கவில்லை, அவ்வளவுதான்.

கொடியை எரிக்கச் சொன்னது ஒரு போலீஸ்காரர். விருதுநகர்ப் பக்கத்து ஆள், கடலோரக் காவலுக்கு வந்து இன்னும் கடலோடு பழக்கமாகாதவர், படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறார் என்று டீக்கடையில் சிரிப்பார்கள். நேற்றுக் காலை வந்து முற்றத்துக்குள்ளும் வராமல் வேலிக்கு வெளியே நின்று, தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே பேசினார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கிழிஞ்ச கொடியப் பறக்கவிடக் கூடாதுக்கா. யாரோ போட்டோ எடுத்து மேல அனுப்பிட்டாங்க." கிழியவில்லை, ஓரம்தான் பிரிந்திருக்கிறது என்றாள். அவர் முற்றத்துக் கழியின் உச்சியை நிமிர்ந்து பார்த்தார், அவளும் பார்த்தாள். பச்சை பாதிக்கு மேல் நார்நாராக ஆடிக்கொண்டிருந்தது, காவி வெளுத்து வெள்ளையோடு சேர்ந்துவிட்டது, சக்கரம் மட்டும் பிடிவாதமாக நீலம். "கழட்டி, தனியா ஒரு எடத்துல வச்சு, மரியாதையா எரிச்சிருங்கக்கா. குப்பையில மட்டும் போட்டுராதீங்க." எரிச்சா மரியாதையா என்று கேட்டாள். "அப்பிடித்தாங்கா சொல்லியிருக்கு" என்றார், அவருக்கும் அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டிருக்க வேண்டும், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எரிப்பது மற்றவர்கள் வழக்கம். கித்தேரியின் ஆட்கள் புதைப்பார்கள். புதைத்து, மேலே சிலுவை நட்டு, கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி போட்டு, மெழுகுவத்தி கொளுத்தி, ஊரே அங்கே உட்கார்ந்து அழும். அன்றைக்கு அவள் மட்டும் வீட்டில் இருந்து மீன்குழம்பு வைப்பாள். எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்பாள். ஒருத்தரும் மறுத்துப் பேச முடியாது, உண்மைதானே, அங்கே அவளுக்கு யாரும் இல்லை. புதைக்கவும் இல்லை எரிக்கவும் இல்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போனார், திரும்பவில்லை, படகு திரும்பியது. படகு மட்டும் திரும்பினால் அதற்கு என்ன பூசை என்று எந்தச் சாமியாருக்கும் தெரியவில்லை. அவளே கண்டுபிடித்தாள். வருஷாவருஷம் போய், கடலுக்குப் போன தஸ்நேவிஸ் சுகமாகத் திரும்பிவர ஒரு பூசை என்பாள். பழைய சாமியார் தலையை ஆட்டுவார். புதிதாக வந்தவர் ஒரு நிமிஷம் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அப்புறம் அவரும் தலையை ஆட்டினார். நல்ல மனுஷர்.

கையில் பை கனக்கவில்லை. கனத்தால் தேவலாம் போலிருந்தது. இந்தக் கொடி படகில் பறந்த கொடி. தூரத்தில் ரோந்துக் கப்பல் வந்தால் நம்ம ஆள் என்று தெரியட்டும், கொடி கட்டுங்கள் என்று ஒரு வருஷம் எல்லோருக்கும் சொன்னார்கள். தஸ்நேவிஸ் பஸ் ஸ்டாண்டில் சுதந்திர தினத்துக்கு விற்றதை வாங்கிவந்து, பளபளவென்று பட்டு மாதிரி இருக்கிறது பார் என்று விரித்துக் காட்டி, அன்றைக்கே பின்பக்கக் கழியில் ஏறிக் கட்டினார். ஏறி என்றால் படகின் விளிம்பில் நின்று. ஒரு கால் விளிம்பில், ஒரு கால் காற்றில். இவள் கரையில் நின்று கத்தினாள், இறங்குங்க, தண்ணியில விழுந்து தொலைக்கவா என்று. தொலைக்கவா என்று ஏன் சொன்னோம், வேறு வார்த்தையா இல்லை. அவர் சிரித்தார். நான் தண்ணியில விழுந்தா தண்ணிக்குத்தாண்டி ஆபத்து என்றார். அந்த வாடைக்காற்று மாதத்தில் நண்டு வலைக்குப் போனவர், கூட வருகிற பிச்சை, தன் அக்கா வீட்டில் கல்யாணம் என்று நின்றுவிட்டதால் தனியாகப் போனவர், திரும்பவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து ஊர்க்காரர்கள் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் இருந்தது, வலை பாதி இழுத்தபடி இருந்தது, சோற்றுச் சட்டி மூடியபடி இருந்தது. கொடி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்க்கட்டு அவிழ்ந்திருந்தது, மேல்கட்டு இருந்தது. அதை முதலில் பார்த்தவள் அவள்தான். எல்லோரும் எஞ்சினையும் வலையையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அந்த அவிழ்ந்த கட்டைப் பார்த்தாள். அவர் போட்ட முடிச்சைக் காற்று அவிழ்க்காது, புயலும் அவிழ்க்காது. மகள் ரெஜினாவுக்கு ஒருநாள் அவர் தலைபின்னி ரிப்பன் கட்டி அனுப்பி, பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, இனிமேல் அம்மாவையே கட்டச் சொல் என்று சொல்லியனுப்பினார்கள். வலைமுடிச்சைத்தவிர வேறு முடிச்சு அந்த மனுஷனுக்குத் தெரியாது. ஆகவே காற்று அல்ல. அவரே அவிழ்த்திருக்கிறார். எதற்கு அவிழ்ப்பார், வீசிக் காட்டத்தான். எஞ்சின் நின்றிருக்கும், தூரத்தில் ஏதோ கப்பல் தெரிந்திருக்கும், கீழ்க்கட்டை அவிழ்த்துக் கொடியை வீசியிருப்பார், அவர்கள் பார்த்திருப்பார்கள், வந்து ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். எங்கே. ஏதோ ஒரு நாட்டுக்கு. ஏதோ ஒரு ஜெயிலில், பாஷை தெரியாமல், கஞ்சி பிடிக்காமல். பிடிக்காவிட்டால் என்ன, உயிரோடு இருந்தால் போதும். இந்த ஓர் அவிழ்ந்த கட்டை வைத்துக்கொண்டு கித்தேரியம்மாள் இத்தனை காலம் ஓட்டிவிட்டாள். சிலர் வீடு கட்டுவதற்குக்கூட இதைவிட அதிகம் அஸ்திவாரம் வேண்டும்.

படகை விற்றபோது கழியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கொடியோடு கழியை முற்றத்தில் நட்டாள். காலையில் நிமிர்த்துவாள், விளக்கு வைக்கும் நேரம் கழியோடு சாய்த்து உள்ளே எடுத்துவிடுவாள், மழையென்றால் வெளியே வைக்கமாட்டாள், கொடியில் காயும் துணியை அள்ளுவதுபோல ஓடுவாள். கித்தேரி வீட்டில் தினமும் சுதந்திர தினம் என்று கேலி பேசினார்கள். பேசட்டும். கீழ்க்கட்டை அவளே ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். மேல்கட்டைத் தொடவில்லை. அது அவர் போட்டது. அவர் கையால் போட்டதில் இந்த வீட்டில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், வலைகளை விற்றாகிவிட்டது, ரெஜினாவின் ரிப்பனைச் சிஸ்டர் வெட்டியாகிவிட்டது. தொடவில்லை என்பது மட்டுமில்லை, கிட்டப் போய்ப் பார்க்கவும் இல்லை. காற்றடிக்கும்போது அந்த முடிச்சிலிருந்து கயிற்றின் வால் ஒன்று நீளமாக ஆடும். அதைப் பார்த்திருக்கிறாள். பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். இன்று மத்தியானம் கழியைச் சாய்த்து, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, முடிச்சை அவிழ்க்காமல் வளையமாகவே கழிநுனி வழியாக உருவியெடுத்தாள். உருவியதும் கழி மொட்டையாகக் கிடந்தது.

இதெல்லாம் ஒரே நாளில் வந்து சேரவேண்டும் என்று இருக்கிறது. காலையில் ரெஜினா டவுனுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அம்மா, பத்திரிகையில அப்பா பேருக்கு முன்னால என்னம்மா போட?" தவக்காலமும் பாஸ்காத் திருநாளும் முடிந்ததும் கல்யாணம், பத்திரிகை அடிக்க இன்றைக்கு அச்சாபீசுக்குப் போகிறாள். என்ன போட, பேரைப் போடு என்றாள் இவள். "அது தெரியும்மா. மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க." பிள்ளை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இவளும் சொல்லவில்லை. காலஞ்சென்ற என்கிற அந்தச் சொல் செருப்பு மாட்டுகிற நேரம் முழுவதும் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. சாயங்காலத்துக்குள்ள சொல்றேன், நீ போ என்றாள். போட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது, ஆறு எழுத்து. போட்டால் அவரைக் கொன்றது அவளே என்று ஆகும். கடல் கொல்லவில்லை, காற்று கொல்லவில்லை, அச்சாபீசில் பெண்டாட்டி சொல்லிக் கொன்றாள். நாளைக்கே அந்த ஜெயிலிலிருந்து தாடியும் மீசையுமாக வந்து இறங்கி, ஏண்டி, அதுக்குள்ளயா என்று கேட்டால். போடாவிட்டால், மேடைக்குப் பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிவர அப்பா எங்கே என்று ஒவ்வொருத்தரும் கேட்பார்கள், ரெஜினா ஒவ்வொருத்தருக்கும் சிரித்துக்கொண்டே நிற்கவேண்டும். சின்னதிலிருந்து அவள் அப்படித்தான், அழவேண்டிய இடத்தில் சிரிப்பாள். அது யாருக்காக என்று இவளுக்குத் தெரியாதா என்ன.

கோயிலுக்குப் பின்னால் உபதேசியார் சிலுவைமுத்து பெரிய இரும்புச் சட்டியைக் கல் மேல் ஏற்றிவைத்து, ஓலைகளை அரிவாளால் நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். சிடுசிடுத்த மனுஷர், கோயில் புறாக்களையே திட்டுகிறவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்தான், கண்பார்வை மங்கியபிறகு மணியடிக்க வந்தார். ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் கேட்பதையே இவளிடமும் கேட்டார், வாய் பழகிப்போய். "ஒண்ணுதானா? படகுல கட்டுன ஓலை எங்கம்மா?" கேட்டபிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது. அரிவாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கித்தேரி பையிலிருந்து கொடியை எடுத்தாள். "இதயும் இதோட போட்டுருங்க உபதேசியாரே. போலீஸ்காரரு எரிக்கச் சொல்லிட்டாரு." அவர் கண்ணைச் சுருக்கி, அது என்னவென்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். "இதுல போட முடியாதும்மா. நாளைக்கு நெத்தியில வைக்கிற சாம்பல். ஓலை மட்டுந்தான்." நல்லதுதானே, ஊர் நெற்றியில் கொஞ்சம் இதுவும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவேளை அதற்காகத்தான் வந்தோமோ. எல்லோர் நெற்றியிலும் அவர். ஊருக்கே தெரியாமல் ஊரே துக்கம். "அதில்லாம இது நூல்துணி இல்ல, உருகுற சாதி. ஓலையோட கலந்தா சாம்பலே கெட்டுரும். தனியாத்தான எரிக்கச் சொன்னாரு, தனியாவே செஞ்சிருவோம்." அவரே உள்ளே போய்ப் புது மண்சட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஊதித் துடைத்து, மதில் ஓரம் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைத்தார். இரண்டு காய்ந்த தென்னம்பாளையை உள்ளே போட்டார். பிறகு சொன்னார்: "கயித்த அவுத்துரு. கயிறு கொடியில்ல."

கயிறு கொடியில்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை. கயிறும் முடிச்சும் கொடியும் ஒன்றாகவே போய்விடும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள். அரிவாள் கீழே கிடந்தது, எடுத்தாள், வெட்டிவிட்டால் முடிச்சு முடிச்சாகவே இருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா படத்துக்குக் கீழே வைக்கலாம், சாகும்வரை பார்க்காமலே இருக்கலாம். கத்தரிக்கோல் வைத்த சிஸ்டர் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்த ரிப்பன் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தஸ்நேவிஸ் நின்ற நிற்பு. அவுக்கத் தெரியலன்னா என்னக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம்ல என்றார், கோபமில்லாமல். அரிவாளைக் கீழே போட்டாள். மதிலில் சாய்ந்து உட்கார்ந்து மடியில் கொடியைப் போட்டு, தன் முடிச்சை முதலில் அவிழ்த்தாள், அது ஒரு இழுப்பில் வந்தது, பெண்பிள்ளை முடிச்சு. மேல் முடிச்சை எடுத்தாள். உப்பும் வெயிலும் ஏறிக் கல்லாக இருந்தது. நகம் நுழையவில்லை. பல்லால் கடித்தாள், உப்புக் கரித்தது, இந்த உப்பு எந்தக் கடலின் உப்பு, எந்த நாளின் உப்பு. அவரும் இப்படித்தான், முடிச்சுப் போட்டு முடித்து, வாலை ஒரு சுற்று உள்ளே செருகி, பல்லால் கடித்து இறுக்குவார், வால் நுனி வெளியே தெரியாது, அதுதான் அவர் கையெழுத்து. உள்ளே செருகி. வால் வெளியே தெரியாது. கித்தேரியின் கை நின்றது. வால் அவள் மடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிடந்தது. கடைசிச் சுற்று இல்லை. செருகியதை யாரோ வெளியே இழுத்திருக்கிறார்கள், அடுத்த சுற்றையும் கொஞ்சம் நெகிழ்த்தியிருக்கிறார்கள், அதற்குமேல் காற்று இழுத்து இழுத்து அப்படியே இறுகியிருக்கிறது. யாரோ என்ன யாரோ. அவர்தான் மேலேயும் கை வைத்திருக்கிறார். கீழ்க்கட்டை முதலில் அவிழ்த்தார், பிறகு விளிம்பில் ஏறினார், ஒரு கால் விளிம்பில், ஒரு கால் காற்றில், வாலை இழுத்தார், ஒரு சுற்றை நெகிழ்த்தினார். அதோடு சரி. வீசவில்லை. ஒரு கப்பலுக்கும் அவர் கொடியை வீசவில்லை. வீசுவதற்குள், விளிம்பில் இருந்த அந்த ஒரு காலும்.

அவளுக்குத் தெரியாததா இது. காற்றில் ஆடிய வாலை எத்தனை காலை பார்த்தாள். தெரிந்துதான் கிட்டப் போகவில்லை, தெரிந்துதான் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உருவினாள். ஜெயில், கஞ்சி, தாடி, மீசை, எல்லாம் அவளே சமைத்தது. தொலைக்கவா என்று கத்தினேனே, தொலைக்கவா என்று. அழுகை வந்தது, சத்தமாகவே வந்தது, இவ்வளவு நாளும் ஒப்பாரி வைக்க உரிமை இல்லாதவள்போல உள்ளே வைத்திருந்த சத்தம். உபதேசியார் திரும்பிப் பார்க்காமல் ஓலையை நறுக்கிக்கொண்டே இருந்தார், வழக்கத்தைவிட மெதுவாக. அழுதுகொண்டே அவிழ்த்தாள். அவர் நிறுத்திய இடத்திலிருந்து அவிழ்த்தாள். அவர் விரல் பட்ட சுற்றில் இவள் விரல் பட்டது, இன்னும் கொஞ்சங்க, இன்னும் ஒரு இழுப்பு, இதோ வந்துருச்சு என்று வாய்விட்டே சொன்னாள். நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. கடைசிச் சுற்று கழன்றபோது கயிறு மடியில் சும்மா விழுந்தது, இனி உலகத்தில் எங்கேயும் அவர் போட்ட முடிச்சு என்று ஒன்று இல்லை.

கொடியை இரண்டு கையாலும் சட்டியில் வைத்தாள், காவி மேலே இருக்கும்படி. உபதேசியார் இரும்புச் சட்டியிலிருந்து ஒரு கனலை எடுத்துவந்து கொடுத்தார், அவள்தான் வைத்தாள். அவர் சொன்னது சரி, அது எரியவில்லை, உருகியது. காவியும் வெள்ளையும் சுருண்டு ஒன்றுக்குள் ஒன்று போய், கறுப்பாகிச் சொட்டியது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. சக்கரம் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அதுவும் குழைந்தது. கயிறு கோத்திருந்த ஓரப்பட்டி மட்டும் நூல்துணி, அது ஒழுங்காக எரிந்து வெள்ளையாகச் சாம்பலானது. சிலுவைமுத்துவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கையைச் சல்யூட் வைக்கிறமாதிரி நெற்றிக்குக் கொண்டுபோனார், பாதியில் அது சிலுவை அடையாளமாகிக் கீழே இறங்கியது. இரண்டுமே பொருத்தமாகத்தான் இருந்தது. தணிந்ததும் சட்டிக்குள் ஒரு கறுப்புக் கட்டியும் ஒரு சிட்டிகைச் சாம்பலும் இருந்தன. கட்டியை இங்கயே மண்ணுல பொதச்சிரவா என்று கேட்டார். மண்ணில் என்றதும் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம், கல்லறைத் தோட்டத்தில் புதைப்போம், சாமியாரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன், ஒரு ஓரமாகப் போதும் என்றாள். அவர் சரி என்றார்.

பைக்குள் போன் அடித்தது. பின்னால் அச்சு இயந்திரம் தடதடவென்று ஓடும் சத்தத்துக்கு நடுவில் ரெஜினா. "அம்மா, கடைய மூடப் போறாங்கம்மா."

"போடச் சொல்லு."

"என்னத்தம்மா?"

"காலைல கேட்டியே, அப்பா பேருக்கு முன்னால. அதப் போடச் சொல்லு."

ரெஜினாவின் குரல் சின்னப்பிள்ளைக் குரலாக வந்தது. "நான் போடாமத்தாம்மா எழுதிக் குடுத்துருக்கேன்."

பிள்ளையும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், சிரித்துக்கொண்டே. கித்தேரியம்மாள் கையிலிருந்த கயிற்றை நீட்டிப் பார்த்தாள். அவிழ்ந்த பிறகும் முடிச்சு இருந்த இடம் நேராகாமல் வளைந்தே நின்றது.

"மாத்திரும்மா," என்றாள். "காலஞ்சென்ற தஸ்நேவிஸ். பக்கத்துலயே நின்னு பாரு, அப்பா பேர எப்பவும் தப்பாத்தான் போடுவானுக."